கொப்பிக்கு முன் முகத்தைப் பாருங்கள்

முதலாம் தரத்துக்குப் பிள்ளையை அனுப்பும் திருகோணமலைப் பெற்றோருக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அறிவுரைகள்

ஜனவரியில் எங்கள் ஊரில் வாடைக்காற்று ஓய்ந்திருக்காது. மழை விட்டும் விடாமலும் பெய்யும். உள்துறைமுகப் பக்கம் வீதியெல்லாம் ஈரமாய்க் கிடக்கும். புதுச் சப்பாத்தில் சேறு பட்டுவிடும் என்று ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார் வருவார்கள். பின்னால் தகப்பன் புத்தகப்பையோடு வருவார். அப்படி வந்தவர்களை முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூட வாசலில் நின்று உள்ளே கூட்டிக்கொண்டு போனவள் நான். பெரும்பாலும் முதலாம், இரண்டாம் தரங்கள்தான் எனக்குத் தந்தார்கள். நானும் அவற்றையே கேட்டு வாங்கினேன். இதை வாசிக்கும் பெற்றோரில் சிலருக்கு நானே கைபிடித்து எழுதப் பழக்கியிருப்பேன்.

அந்த வாசலில் நான் கண்டது இதுதான். பிள்ளையின் பயம் கொஞ்ச நாளைக்குத்தான். பெற்றோரின் பயம் வருடம் முழுக்க இருக்கும். அது மெல்ல மெல்ல அவசரமாக மாறும். அந்த அவசரம் கடைசியில் பிள்ளையின் தலையில்தான் இறங்கும். எந்தக் காலத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்த பெற்றோருக்கு அவசரம் குறைவு. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

1. கிடைத்த பள்ளிக்கூடத்தைப் பிள்ளை முன் குறைத்துப் பேசாதீர்கள்.

ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு முதலாம் தரத்தில் இடம் உண்டு. விண்ணப்பம் முந்தின வருட நடுப்பகுதியிலேயே போய்விடும். பெயர்பெற்ற பாடசாலைகளில் நூற்றுக்கு 50 இடம் பக்கத்தில் குடியிருப்போருக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு என்று கணக்கு. மிச்சமுள்ள 10 இல் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகள். இந்தக் கணக்கில் உங்கள் பிள்ளை வெளியே நின்றால் அது பிள்ளையின் தோல்வி ஆகாது. ஆனால் "அங்கே கிடைக்கவில்லை, அதனால்தான் இங்கே" என்று வீட்டில் ஆறு மாதம் பேசினால், பிள்ளை தன்னை ஒதுக்கப்பட்ட பிள்ளையாகவே நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் வரும். ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி 1897 இலும், ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923 இலும் சிறியதாகத் தொடங்கியவை. ஊரார் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பியதால்தான் அவை வளர்ந்தன. உங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடமும் அந்த நம்பிக்கையைத்தான் கேட்கிறது.

2. முதல் மாதம் அழுகை வரும். பொய் சொல்லிவிட்டு ஓடாதீர்கள்.

"அம்மா இங்கேயே நிற்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை திரும்பிய நேரம் பார்த்து மறைந்துபோகும் தாய்மார் உண்டு. அதை ஒரு நாள் செய்தால் பிள்ளை இரண்டு கிழமைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "மணியடித்ததும் வருவேன்" என்று சொல்லுங்கள், கையசையுங்கள், போங்கள். சொன்ன நேரத்துக்கு முதலே வந்து நில்லுங்கள்.

திருக்கடலூரிலிருந்து வந்த ஒரு பொடியன் படலைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேமாட்டேன் என்று நின்றான். தகப்பன் இரவு கடலுக்குப் போய் வந்த கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "அப்பா இண்டைக்கு என்ன மீன் கொண்டுவந்தவர்?" என்று கேட்டேன். அழுகைக்கு நடுவே "கீரி" என்றான். "பெரிய மீனோ?" என்றேன். அழுகை நின்றது. ரீச்சருக்கு மீன் தெரியவில்லை என்று அவனுக்குப் பெரிய ஆச்சரியம். கம்பியை விட்டுவிட்டு, விரலை நீட்டி அளவு காட்டினான். பிறகு பாரை, சூரை எல்லாம் கையை விரித்து விரித்துக் காட்டியபடியே வகுப்புக்குள் வந்துவிட்டான். வீட்டில் தெரிந்த ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், பிள்ளைக்கு அந்த இடம் சொந்தமாகிவிடும். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

3. கால்கோள் விழாவுக்கு முதல் நடப்பது பரீட்சை அல்ல.

பிள்ளை சேர்ந்தவுடன் பாடம் தொடங்காது. முதலில் பிள்ளைகளை இனங்காணும் காலம். கீறச் சொல்வோம், உருவங்களைப் பிரிக்கச் சொல்வோம், ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வோம், கதை கேட்போம். யார் சொல்லாமலே பேசுகிறது, யாருக்குப் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை, யார் கூட்டத்துக்குப் பயப்படுகிறது என்று குறித்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் கால்கோள் விழா. இரண்டாம் தரப் பிள்ளைகள் மாலை போட்டுப் புதியவர்களை வரவேற்பார்கள். போன வருடம் அழுத பிள்ளை இந்த வருடம் மாலை போடுவதைப் பார்த்தால் உங்களுக்கும் தைரியம் வரும். இந்த இனங்காணலுக்காக வீட்டில் பயிற்சி கொடுக்காதீர்கள். பிள்ளை இருக்கிறபடி எங்களுக்குத் தெரிய வேண்டும்.

4. கொப்பி வெறுமையாக இருந்தால் பதறாதீர்கள்.

"இண்டைக்கு என்ன எழுதினாய்?" என்று கேட்டால் பிள்ளை "விளையாடினது" என்று சொல்லும். அது உண்மை. 1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் ஐந்து வருடத்தை மூன்று நிலையாகப் பிரித்தது. முதலாம், இரண்டாம் தரங்கள் ஒரு நிலை, மூன்றாம், நான்காம் தரங்கள் அடுத்தது, ஐந்தாம் தரம் கடைசி. விளையாட்டு, செயற்பாடு, இருந்து எழுதும் வேலை என்ற மூன்றும் எல்லா நிலையிலும் உண்டு. கீழ் வகுப்பில் விளையாட்டு கூட, மேலே போகப் போக எழுத்து கூட. புளியங்கொட்டையைக் குவித்து எண்ணுகிற பிள்ளை கணிதம்தான் படிக்கிறது. இலைகளை அளவுப்படி அடுக்குகிற பிள்ளை சுற்றாடல் பாடம் படிக்கிறது. "என்ன எழுதினாய்?" என்பதை விட்டுவிட்டு, "யாரோடு இருந்தாய்? எதுக்குச் சிரிச்சாய்?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும்.

5. எழுத்து கைக்கு வரக் காலம் எடுக்கும்.

நவராத்திரி முடிவில் விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியில் அகரம் எழுதிய பிள்ளைதான். ஆனாலும் விரல் நரம்பு முதிராத கைக்கு வளைவும் சுழியும் கடினம். நேர்கோடு உள்ள ட, ப போன்றவை முதலில் வசப்படும். அ, ஐ, ஞ பிறகுதான். சில பிள்ளைகள் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பி எழுதும். முதலாம் தரத்தில் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்த வருடமும் குறையாமல் தொடர்ந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

ஒன்றை நான் மனம் திறந்து சொல்ல வேண்டும். நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் இடக்கையால் எழுதிய ஒரு சிறுமியை வலக்கைக்கு மாற்றினேன். அதுதான் சரி என்று அன்று நினைத்தேன். அவள் எழுத்து நேரானது. ஆனால் வகுப்பில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இடக்கை வாகென்றால் அப்படியே விடுங்கள். பாட்டி சொன்னாலும் ரீச்சர் சொன்னாலும் மாற்ற விடாதீர்கள்.

6. பள்ளிக்கூடம் காலையில் வீட்டில்தான் தொடங்குகிறது.

ஏழரைக்கு மணியடிக்கும். ஏழுமணி வரை தூங்கி, கண்ணைக் கசக்கி, ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குக் காலைக்கூட்டத்திலேயே தலைசுற்றும். இரவு ஒன்பதுக்கு முதல் படுக்க வையுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். காலையில் புட்டோ பாணோ கொஞ்சமேனும் வயிற்றில் இருக்கட்டும். இடைவேளைக்கு அவித்த கடலை, பயறு, ஒரு பழம் போதும். பாடசாலையில் உணவு கொடுக்கிறார்கள் என்றாலும் காலை வயிற்றைக் காயப் போடாதீர்கள். அந்த உணவைப் பெற்றோர் மாறிமாறிச் சமைக்கும்போது உங்கள் முறை வந்தால் மனமுவந்து போங்கள். நாற்பது பிள்ளைகளின் அம்மாவாக ஒரு நாள் இருப்பது பெரிய பேறு.

முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகள் பதினொன்றரையோடு வீடு திரும்பிவிடுவார்கள். அந்த நேரம் யார் கூட்டிவருவது, யார் வீட்டில் இருப்பது என்று ஜனவரிக்கு முதலே முடிவெடுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். முகத்தைப் பாருங்கள். சோறு கொடுங்கள். நித்திரை கொள்ளட்டும். கொப்பி பின்னேரம் வரை பொறுத்திருக்கும்.

7. பாதையைப் பழக்குங்கள், வாகனத்தைப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் பிள்ளைகள் களப்பைக் கடந்தும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆட்களை ஏற்றிச்சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் உயிரிழந்தார்கள். அதை நான் மறக்கமாட்டேன், நீங்களும் மறக்கக் கூடாது. ஓட்டோவில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்று நின்று எண்ணுங்கள். வானின் கதவு பூட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்டுபவரைப் பெயர் சொல்லி அறிந்துவைத்திருங்கள். "எல்லாரும் இப்பிடித்தானே அனுப்புகினம்" என்பது பதிலாகாது.

8. இலவசக் கல்வியின் அருமையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் பாடநூலும், 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாயின. அதனால்தான் துறைமுகக் கூலியாளின் பிள்ளையும் வைத்தியரின் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்க முடிகிறது. பாடநூலுக்கு உறை போடும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். விலைகூடிய பையும் பொம்மை வைத்த பென்சில் பெட்டியும் வேண்டாம். அவற்றால் பக்கத்துப் பிள்ளைக்கு ஏக்கம் வரும், உங்கள் பிள்ளைக்குக் கவனம் சிதறும். பையின் பாரத்தை ஒருமுறை உங்கள் கையால் தூக்கிப் பாருங்கள்.

9. விழா நாட்களை வீண் நாட்கள் என்று நினைக்காதீர்கள்.

வருடத்தின் தொடக்கத்தில் விளையாட்டுப் போட்டி, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் தவணை விடுமுறை, ஒக்ரோபர் 1 இல் சிறுவர் தினம், 6 இல் ஆசிரியர் தினம், அந்தக் காலத்தையொட்டி வாணி விழா என்று வருடம் போகும். முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பை வைத்துத் தவணை மாறும். விழாக்களிலே நான் மிகவும் விரும்பியது சிறுவர் சந்தை. வீட்டில் விளைந்ததைப் பிள்ளைகள் கொண்டுவந்து பரப்பி விற்பார்கள். வாங்குவது பெற்றோர்.

இரண்டாம் தரச் சிறுமி ஒருத்தி தேசிக்காய் கொண்டுவந்திருந்தாள். ஒன்று இருபது ரூபாய். ஒருவர் மூன்று எடுத்துக்கொண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். கொப்பியில் நூறிலிருந்து அறுபதைக் கழிக்க அவளுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். தகப்பன் பக்கத்தில் வந்து மிச்சக் காசை எடுக்கப் போனார். "பொறுங்கோ அப்பா, நான் எண்ணுறன்" என்றாள். தேசிக்காயைத் தொட்டு "அறுபது" என்றாள். பிறகு பத்து ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தாள்: எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. நான்கு குற்றி. ஊர்ச் சந்தையில் ஆச்சிமார் மிச்சம் கொடுக்கிற அதே முறை. அடுத்த கிழமை அவளுக்குக் கழித்தலை அந்த வழியிலேயே சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். தகப்பன் அன்று கையை நீட்டியிருந்தால் எனக்கு அந்த வழி தெரிந்திராது. விழாவுக்கு வாருங்கள். வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

10. வீட்டுவேலையை நீங்கள் எழுதாதீர்கள். கண்ணையும் காதையும் பாருங்கள்.

தாயின் கையெழுத்து எங்களுக்கு ஒரே பார்வையில் தெரியும். பிள்ளை பிழையாக எழுதிவந்தால் எங்கே தடுமாறுகிறது என்று புரியும். நீங்கள் திருத்திவிட்டால் அந்த வழி அடைந்துபோகும். பத்து நிமிடம் பக்கத்தில் இருங்கள். அது போதும்.

எவ்வளவு சொல்லியும் பலகையில் உள்ளதைப் பிழையாகவே எழுதும் பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று முடிவுகட்டாதீர்கள். முதலாம் தரத்திலும் நான்காம் தரத்திலும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வந்து உயரம், நிறை, பல், பார்வை எல்லாம் பார்க்கும். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பிறந்தநாள் தொட்டு வைத்திருக்கும் சுகாதாரப் பதிவேட்டையும் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்ட மறுநாள் "ரீச்சர், பலகையில இவ்வளவு இருக்கா!" என்று கேட்ட பிள்ளை என் வகுப்பில் இருந்தது. அதுவரை எல்லாரும் அதைச் சோம்பேறி என்றார்கள்.

11. வகுப்பாசிரியரோடு நேரே பேசுங்கள்.

ஆரம்பப் பிரிவில் அநேகமாக ஒரே ஆசிரியரிடம்தான் பிள்ளை நாள் முழுக்க இருக்கும். குறை இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் எழுதவேண்டாம். பள்ளி விட்டதும் வந்து கேளுங்கள். பிள்ளை சொன்னதைச் சொல்லுங்கள், ஆசிரியர் சொல்வதையும் கேளுங்கள். வீட்டில் ஒரு மாற்றம் என்றால் மறைக்காதீர்கள். தகப்பன் கட்டாருக்குப் போனது, புதுத் தம்பி பிறந்தது, அம்மம்மா தவறியது எல்லாம் வகுப்பில் பிள்ளையின் நடத்தையில் தெரியும். காரணம் அறிந்தால் நாங்கள் அணைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மாரே, அழைப்பு எடுத்தவுடன் "எத்தனை மாக்ஸ்?" என்று கேட்காதீர்கள். ஒரு கதை சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாடசாலையில் பிள்ளையை அடிக்கக் கூடாது. கல்வியமைச்சின் சுற்றறிக்கை 2005 இலிருந்தே இதைச் சொல்கிறது. "நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ ரீச்சர்" என்று நீங்களும் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு எங்கே கொடுமை நடந்தாலும் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

12. புலமைப்பரிசில் பரீட்சையை ஐந்தாம் தரத்துக்கு விட்டுவையுங்கள்.

இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, ஒரு வெட்டுப்புள்ளி. அதற்காக முதலாம் தரத்திலேயே ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் வகுப்பு, இரவு வீட்டுவேலை என்றால் பிள்ளை எப்போது மணலில் விளையாடும்? எப்போது கோணேசர் மலையடியில் மானைப் பார்க்கும்? பிள்ளை பார்த்ததையும் கேட்டதையும் விட்டுப் பரீட்சைக்கு வேறு என்ன மூலதனம் இருக்கிறது? முதலாம் தரத்தில் ஆங்கிலம் வாயால் பேசிப் பழகுவதோடு சரி. எழுத்தோடு படிப்பதும், இரண்டாம் மொழியாகச் சிங்களமும் மூன்றாம் தரத்தில் வரும். எல்லாவற்றுக்கும் அத்திவாரம் தாய்மொழி. தினமும் இரவு ஒரு கதை தமிழில் சொல்லுங்கள். நான் அறிய ஐந்தாம் தரத்தில் நன்றாகச் செய்த பிள்ளைகளில் அநேகர் வீட்டில் கதை கேட்டு வளர்ந்தவர்கள். சித்தியடையாத பிள்ளைகளும் பிறகு நன்றாகத்தான் இருக்கிறார்கள். துறைமுகத்திலும் வைத்தியசாலையிலும் கச்சேரியிலும் அவர்களைக் காண்கிறேன், "ரீச்சர்" என்று எழும்பி நிற்கிறார்கள்.

பெற்றோரே, டிசம்பரில் திரும்பவும் மழை பெய்துகொண்டிருக்கும்போது முன்னேற்ற அறிக்கை கைக்கு வரும். அதைப் பிரிக்கமுன் நான்கு கேள்விகளை உங்களையே கேளுங்கள். பிள்ளை காலையில் விருப்பத்தோடு புறப்படுகிறதா? ஒரு கூட்டாளியின் பெயரைச் சொல்கிறதா? தெரியாததைத் தெரியாது என்று ரீச்சரிடம் சொல்லத் துணிகிறதா? வாசிக்கக் கிடைத்த பலகையையும் கடைப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் பார்க்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் உங்கள் பிள்ளையின் முதல் வருடம் நிறைந்த வருடம். ஏதேனும் ஒன்றுக்கு இல்லை என்றால், ஜனவரியில் வந்து இரண்டாம் தர ஆசிரியரிடம் அதை மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.